மாடல் படகில் மோட்டாரையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டில் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

நான் கட்டிய முதல் இழுவைப் படகு மாடல் தண்ணீரில் இறங்கிய நாளில் கரையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகுக்காக அல்ல. காய்ந்த மிளகாயை மிக்ஸியில் போட்டு அரைப்பது போன்ற சத்தம். பத்து நிமிடத்தில் மோட்டார் தொட முடியாத சூடு. வழக்கமாக ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரி பாதியிலேயே சோர்ந்துவிட்டது. படகைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். மோட்டார்தான் மட்டமானது என்று முடிவு கட்டி வேறொன்று வாங்கிப் போட்டேன். அதே சத்தம், அதே சூடு. குறை மோட்டாரில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின் மையத்தை விட மோட்டாரின் மையம் ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு நூல் பிடித்தது போலத்தான் தெரிந்தது.

“நடுவில் மடங்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறதே, அது வளைந்து கொடுத்துவிடும்” என்று நானும் நம்பியிருந்தேன். அநேகமாக எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். கப்ளிங் என்பது இரண்டு ஷாஃப்டுகளையும் இணைக்கும் துண்டு; வளையும் கப்ளிங், கோணலை மறைப்பதற்கான சாதனம் அன்று. வளையாத ஒரு கப்ளிங்கைப் போட்டு மோட்டாரை நேராக்கிவிட்டு, கடைசியில் அதைக் கழற்றிவிட்டு வளையும் கப்ளிங்கைப் போடுவதுதான் சரியான வரிசை. மற்றதெல்லாம் அதற்கான கைவேலை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது என் இரண்டாவது படகை. 80 செ.மீ. நீள ஃபைபர் கிளாஸ் உடல், 540 வகை பிரஷ் மோட்டார், 8 மி.மீ. பித்தளைக் குழாய்க்குள் (இனி ட்யூப்) ஓடும் 4 மி.மீ. எஃகு ஷாஃப்ட், 50 மி.மீ. விட்டமுள்ள நான்கு இதழ் பித்தளை ப்ரொப்பெல்லர். உங்கள் படகின் அளவு வேறாக இருக்கலாம். வேலையின் முறை மாறாது.

கோணல் இரண்டு வகை

மோட்டார் ஷாஃப்டையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் இரண்டு பென்சில்களாக நினைத்துக்கொள்ளுங்கள். நுனிகள் தொட்டுக்கொண்டு நடுவில் முழங்கை போல மடிந்திருந்தால் அது கோணப் பிசகு. இரண்டும் இணையாக இருந்து, ஒன்று மற்றதை விட மேலேயோ பக்கவாட்டிலோ தள்ளியிருந்தால் அது விலகல். நம் படகுகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஒரே ஒரு மூட்டுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தை மட்டும்தான் தாங்கும். விலகலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கச் சுமை முழுவதும் ட்யூபின் உள்முனை புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) மேலும் மோட்டாரின் முன் புஷ் மேலும் விழும். புஷ் நீள்வட்டமாகத் தேயும், ஆட்டம் வரும், ஆட்டத்தின் வழியே தண்ணீர் வரும். என் படகுக்குள் வந்த அரை டம்ளர் தண்ணீரின் கதை இதுதான்.

கோணத்தைக் கூட அது இலவசமாகத் தாங்குவதில்லை. ஒற்றை மூட்டு மடிந்த நிலையில் சுழலும்போது, மோட்டார் ஒரே வேகத்தில் ஓடினாலும் மறுபக்க ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தயங்கும். 10 பாகைக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம், 20 பாகையில் சுமார் ஆறு சதவீதம். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் மோட்டாரில் இந்த உதறல் நொடிக்கு 200 முறை நடக்கிறது. காதில் விழும் உறுமலில் ஒரு பங்கு அதுதான்.

இரட்டை மூட்டுள்ள கப்ளிங் விலகலையும் சமாளிக்கும். இரண்டு மூட்டுகளுக்கும் இடையே 20 மி.மீ. இருந்து, விலகல் 1 மி.மீ. என்றால் ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய 3 பாகை மடிகிறது. அது ஓடும். ஆனால் நன்றாகப் பொருத்திய படகில் அந்த 3 பாகை கூடத் தேவைப்படாது.

தொடங்கும் முன் பொருள்களைச் சோதியுங்கள்

வளைந்த ஷாஃப்டை வைத்துக்கொண்டு நேராக்க முயல்வது வீண். ஒரு கண்ணாடித் துண்டையோ பழைய கண்ணாடி மேசையையோ தேடிப்பிடியுங்கள். ஷாஃப்டை ட்யூபிலிருந்து உருவி, துடைத்து, கண்ணாடியின் மேல் விரல் நுனியால் உருட்டுங்கள். பின்னால் ஒரு விளக்கை வையுங்கள். ஷாஃப்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளிக்கீற்று தோன்றி மறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. மரை வெட்டிய முனை மட்டும் ஆடுவதும் உண்டு. ப்ரொப்பெல்லர் தடுமாறிச் சுழல அது போதும். 4 மி.மீ. ஷாஃப்டை நிமிர்த்தப் போராடாதீர்கள். புதிதாக வாங்கிவிடுங்கள்.

அடுத்து புஷ். ஷாஃப்டை ட்யூபில் போட்டு, முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விரலுக்கு உணரும் அளவு ‘டக் டக்’ என்று ஆடினால் அந்த ட்யூபும் வேண்டாம். சற்றே எண்ணெய் தொட்டு, ட்யூபைச் செங்குத்தாகப் பிடித்தால் ஷாஃப்ட் தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். பொத்தென்று விழவும் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது.

ட்யூபின் நீளத்தையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். நீளமான ஷாஃப்ட் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கயிறாட்டம்போலக் குழாய்க்குள் தொப்பை போட்டுச் சுழலும். 4 மி.மீ. எஃகு ஷாஃப்டுக்கு, புஷ்களுக்கு இடைப்பட்ட நீளம் 200 மி.மீ. என்றால் அந்த வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று. 300 மி.மீ. என்றால் 5,300-க்கே வந்துவிடுகிறது. நீளம் ஒன்றரை மடங்கு கூடினால் வேக வரம்பு பாதிக்கும் கீழே போகிறது என்பதைக் கவனியுங்கள். 540 மோட்டார் 5,300 சுற்றைச் சாதாரணமாகத் தொடும். இப்படிப்பட்ட படகில் மோட்டாரை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் ஒரு வேகத்தில் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். குறையைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். நடுவில் ஒரு புஷ் உள்ள ட்யூபை வாங்குங்கள், அல்லது மோட்டாரைப் பின்னால் தள்ளி ட்யூபைக் குறுக்குங்கள்.

ட்யூப் முதலில், மோட்டார் பிறகு

வரிசை முக்கியம். படகில் அசைக்க முடியாத இடம் ப்ரொப்பெல்லரின் இடம். அது ட்யூபின் இடத்தை முடிவு செய்கிறது. ட்யூப் மோட்டாரின் இடத்தை முடிவு செய்கிறது. மோட்டாரை முதலில் ஒட்டிவிட்டு அதற்கேற்ப ட்யூபை வளைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ட்யூபைக் கையால் இழுத்துப் பிடித்து ஒட்டினால் அது உள்ளுக்குள் வில்லாக வளைந்து நிற்கும். ஒட்டிய பிறகு ஷாஃப்ட் கனமாகச் சுற்றும். காரணம் வெளியே தெரியாது.

ட்யூப் எவ்வளவு கிடையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதே சமயம் மோட்டாரின் அடிப்பாகம் படகின் தரையில் இடிக்காத அளவுக்கு உள்முனை உயர வேண்டும். 540 மோட்டாரின் விட்டம் ஏறக்குறைய 36 மி.மீ. ஆகவே மையத்திலிருந்து தரைக்குக் குறைந்தது 20 மி.மீ. இடைவெளி வேண்டும். என் படகில் இது 5 பாகைச் சரிவில் அமைந்தது. ட்யூபின் உள்முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பாதி நிம்மதி. ப்ரொப்பெல்லர் இதழ் நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே, விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 50 மி.மீ. ப்ரொப்பெல்லருக்கு 5 மி.மீ., இடைவெளி விடுங்கள்.

ஒட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சுக்கானையும் அதன் கம்பியையும் இடத்தில் வைத்துவிட்டு, ஷாஃப்டைப் பின்பக்கமாக முழுவதும் உருவ முடிகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. எல்லாம் ஒட்டி, வர்ணம் பூசி முடித்த பிறகுதான் ஷாஃப்ட் சுக்கானில் இடித்து நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் இடவும் சுக்கானைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

துளையை ட்யூபை விடச் சற்றே தாராளமாக அறுங்கள். ட்யூப் தளர்வாக உட்கார வேண்டும், எந்தப் பக்கமும் நெருக்கக் கூடாது. உட்புற ஃபைபர் கிளாஸை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, பித்தளைக் குழாயையும் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். ஷாஃப்ட் உள்ளேயே இருக்கட்டும். இரு முனைகளிலும் வாசலின் தடவிவிட்டால் பசை புஷ்ஷுக்குள் இறங்காது. ஐந்து நிமிட எபாக்ஸியால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பொட்டு வைத்து நிறுத்துங்கள். பின்புறமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஷாஃப்ட் படகின் நடுக்கோட்டில் இருக்கிறதா? ஷாஃப்டைச் சுழற்றுங்கள். இலகுவாக இருந்தால், மெதுவாக இறுகும் அரால்டைட்டை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று விளக்கின் கீழோ வெயிலிலோ வைக்காதீர்கள். பாதி இறுகிய எபாக்ஸி சூட்டில் இளகி, ட்யூப் நகர்ந்துவிடும்.

வளையாத உறை

முன்பு சொன்ன வளையாத கப்ளிங் இதுதான், இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு பக்கம் மோட்டார் ஷாஃப்டையும் மறுபக்கம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் ஆட்டமில்லாமல் பிடிக்கும் பித்தளை உறை. 540 மோட்டாரின் ஷாஃப்ட் 3.17 மி.மீ., அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4 மி.மீ.

லேத் பட்டறையில் செய்வித்தால், 12 மி.மீ. தடிமனுள்ள பித்தளைக் கம்பியில் 30 மி.மீ. துண்டு போதும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றித் திருப்பிப் போடாமல் இரண்டு துளைகளையும் ஒரே பக்கத்திலிருந்து போட வேண்டும். முதலில் முழு நீளத்துக்கும் 3.2 மி.மீ., பிறகு அதே நிலையில் பாதி ஆழம் வரை 4 மி.மீ. திருப்பிப் போட்டால் இரண்டு துளைகளும் ஒரே மையத்தில் அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோணலாக உள்ள அளவுகோலால் நேர் பார்க்கும் கதையாகிவிடும். நான் போன பட்டறைக்காரர், “இவ்வளவு சின்ன வேலைக்கா சார் வந்தீர்கள்?” என்று சிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். பத்து வருடமாக அதே உறையைத்தான் பயன்படுத்துகிறேன்.

லேத் கிடைக்காதவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்கள் இருக்கின்றன. 5/32 அங்குலக் குழாய் 3.17 மி.மீ. மோட்டார் ஷாஃப்டின் மேல் சரியாக வழுக்கி உட்காரும். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 4 மி.மீ. ஆகிவிடுவதால், மோட்டார் பக்கமும் ப்ரொப்பெல்லர் பக்கமும் ஒரே பருமனுக்கு வந்துவிடுகின்றன. இரண்டின் மேலும் 3/16 அங்குலக் குழாயைப் போட்டால் உறை தயார். கொஞ்சம் தளர்வாக இருந்தால் சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். குழாயை அறுத்த பிறகு உட்புறப் பிசிறை அரத்தால் நன்றாக எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ஷாஃப்டுகளில் உள்முனையிலும் மரை இருக்கும். உறை மரையின் மேல் உட்காரக் கூடாது. மரை தண்டை விடச் சற்று மெலிந்தது, ஆட்டம் தரும். மழமழப்பான பகுதி வரை உறை நீள வேண்டும்.

மோட்டாரைத் தொங்கவிட்டுப் பொருத்துதல்

மோட்டாரை அளந்து, கோடு போட்டு, துளையிட்டுப் பொருத்தத்தான் எல்லாரும் முயல்கிறார்கள். வளைவான படகின் தரையில் எதிலிருந்து அளப்பது? அளக்கவே வேண்டாம். ஷாஃப்டே மோட்டாரைப் பிடித்துக் காட்டட்டும், நாம் அதன் கீழே இடைவெளியை நிரப்பினால் போதும்.

மோட்டாரை அதன் தாங்கியில் திருகுங்கள். எல் வடிவ அலுமினியத் தாங்கி போதுமானது. 540 மோட்டாரின் முகத்தில் 25 மி.மீ. இடைவெளியில் எம்3 மரைத் துளைகள் இரண்டு இருக்கும். திருகு மோட்டாருக்குள் 3 மி.மீ.க்கு மேல் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான திருகு உள்ளே சுருளைக் குத்திக் கிழித்துவிடும். தாங்கியின் கீழே 6 மி.மீ. ப்ளைவுட் அடிப்பலகையை எம்3 போல்ட்டுகளால் பூட்டுங்கள். பின்னால் மோட்டாரைக் கழற்றித் திரும்ப அதே இடத்தில் வைக்க இந்தப் போல்ட்டுகள்தான் உதவும். ப்ளைவுட்டை மட்டுமே படகோடு ஒட்டப் போகிறோம்.

உறையை இரண்டு ஷாஃப்டுகளின் மேலும் ஏற்றுங்கள். இப்போது மோட்டார், தாங்கி, ப்ளைவுட் மூன்றும் ஷாஃப்டின் நுனியில் தொங்குகின்றன. இங்கேதான் நுணுக்கம். 540 மோட்டாரின் எடை ஏறக்குறைய 160 கிராம். அந்த எடையில் ஷாஃப்டின் நுனி சற்றே தழையும், புஷ்ஷில் உள்ள மெல்லிய ஆட்டமும் ஒரு பக்கமாக இறங்கிவிடும். அப்படியே ஒட்டினால் கோணலை நிரந்தரமாக்கியதாகிவிடும். ஆகவே மோட்டாரின் பின்பக்கம் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து எடையைத் தாங்கச் செய்யுங்கள். பின்பு ப்ரொப்பெல்லர் பக்கமிருந்து ஷாஃப்டை விரல்களால் சுழற்றிக்கொண்டே களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியும் உயர்த்தியும் பாருங்கள். ஓரிடத்தில் திடீரென்று இலகுவாகும். வெண்ணெயில் கத்தி போவது போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் பிரஷ் மோட்டாரில் காந்தம் பிடிக்கும் கடகடப்பு எப்போதும் இருக்கும். அதைத் தடையென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காந்தத்தின் பிடி ஒரு சுற்றில் பல இடங்களில் சம இடைவெளியில் வரும். கோணலின் பிடி சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு இடத்தில் மட்டும் வரும். இந்த வித்தியாசத்தை விரல் கற்றுக்கொள்ளும் வரை சுழற்றுங்கள்.

சோதனை: உறையை முன்னும் பின்னும் வழுக்கிப் பாருங்கள். மோட்டார் ஷாஃப்டிலிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் பக்கம் முழுவதும் நழுவி, திரும்ப வந்து நுழைய வேண்டும். ஷாஃப்டைக் கால் சுற்றுச் சுழற்றி மறுபடியும். அப்படி நான்கு நிலைகளிலும். ஏதேனும் ஒரு நிலையில் உறை முரண்டு பிடித்தால் இன்னும் வேலை இருக்கிறது. எல்லா நிலையிலும் ஒரே மாதிரி முரண்டு பிடித்தால் மோட்டாரின் இடம் தவறு. ஒரு நிலையில் மட்டும் என்றால் ஷாஃப்டோ உறையோ வளைந்திருக்கலாம்.

நான்கு நிலையிலும் உறை நழுவினால் பசைக்கு நேரம் வந்துவிட்டது. ப்ளைவுட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள ஒழுங்கற்ற இடைவெளியில் எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவைத் திணியுங்கள். அழுத்தித் திணிக்காதீர்கள், மோட்டார் மேலே எழும்பிவிடும். நான்கு மூலைகளில் நான்கு உருண்டை வைத்து இறுக விட்டு, மறுநாள் மீதியை நிரப்புவதே என் வழக்கம். இறுகிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள். கனமானால் இன்னும் திருத்த நேரம் இருக்கிறது.

எல்லாம் இறுகிய பிறகு, தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். இறுக்கும்போது ஷாஃப்டின் சுழற்சி கனக்கக் கூடாது. கனத்தால், போல்ட் தாங்கியைக் கீழே இழுக்கிறது, அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பேக்கிங் கொடுக்க வேண்டும். குளிர்பான அலுமினிய டப்பாவின் பக்கச்சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அதைவிட மலிவான ஷிம் உலகத்தில் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றிரண்டாகச் செருகிப் பாருங்கள்.

ஏற்கெனவே கட்டிய படகு என்றால்

பழைய படகில் கோணல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வளையும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு வளையாத உறையைப் போடுங்கள். போட முடியவில்லையென்றால் தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்திப் போடுங்கள். பிறகு மோட்டார் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். முன் போல்ட்டின் கீழே இடைவெளி விழுந்தால் அங்கே ஷிம். போல்ட் துளைக்கு நேரே வராமல் பக்கவாட்டில் நின்றால் துளையை அரத்தால் நீள்துளையாக்குங்கள். பெரும்பாலான பழைய படகுகளை ட்யூபைத் தொடாமலேயே இப்படிச் சரிசெய்துவிடலாம்.

ஆம்மீட்டர் பொய் சொல்லாது

விரலும் காதும் ஓரளவு ஏமாறும். ஆகவே எண்ணால் பாருங்கள். முழுவதும் சார்ஜ் செய்த 6 வோல்ட் பேட்டரியோடு தொடராக ஆம்மீட்டரை இணைத்து, எந்தக் கப்ளிங்கும் இல்லாத வெறும் மோட்டாரை ஓட விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மோட்டார் 0.8 ஆம்பியர் எடுத்தது. பின்பு உறையோடும் ஷாஃப்டோடும், ப்ரொப்பெல்லர் இல்லாமல், ஓட்டுங்கள். முதல் படகில், பிசகை அறிந்த பிறகு அளந்து பார்த்தபோது, இது 2 ஆம்பியருக்கு மேல் இருந்தது. இந்தப் படகில் 1.0. அந்த 0.2 புஷ் உராய்வுக்கும் எண்ணெய்க்கும் உரியது. ஷாஃப்டைச் சேர்த்ததும் எண் பாதிக்கு மேல் கூடினால் எங்கேயோ நெருக்குகிறது.

ட்யூபில் கெட்டியான கிரீஸ் நிரப்பிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கிரீஸே கணிசமான மின்னோட்டத்தைத் தின்னும், கோணல் எது கிரீஸ் எது என்று பிரிக்க முடியாது. சோதனைக்கு இரண்டு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் போதும். மெதுவாக ஓடும் இழுவைப் படகுக்குப் பிறகு இலகுவான கிரீஸ் இடலாம். வேகப் படகுக்கு எண்ணெயே நல்லது.

கப்ளிங்கை மாட்டுதல்

உறையைக் கழற்றும்போது மோட்டாரைக் கழற்ற நேரும். கவலை வேண்டாம், அடிப்பலகை ஒட்டியிருக்கிறது. மோட்டார் ஷாஃப்டில் க்ரப் ஸ்க்ரூ (கப்ளிங்கை ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத சிறு திருகு) அமரும் இடத்தில் அரத்தால் சிறு தட்டையான முகம் தேயுங்கள். தேய்க்கும் முன் மோட்டாரின் துளைகள் அனைத்தையும் செல்லோ டேப்பால் மூடுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் இரும்புத்தூளை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுக்க எந்த மந்திரமும் இல்லை.

இரட்டை மூட்டுக் கப்ளிங்கில் நடுத்துண்டின் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் மூட்டு உண்டாக்கும் வேக உதறலை இரண்டாவது மூட்டு ரத்து செய்யும். பிரித்துச் சேர்க்கும் வகைகளில் கால் சுற்றுத் தவறிச் செருகினால் ரத்தாவதற்குப் பதிலாக உதறல் இரட்டிப்பாகும்.

கப்ளிங்கை இடித்து நெருக்கி மாட்டாதீர்கள். இரண்டு ஷாஃப்டு முனைகளுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். க்ரப் ஸ்க்ரூவுக்கு லாக்டைட் 243 போன்ற நடுத்தரப் பிடிப்புள்ளது போதும். கப்ளிங்கின் உடல் பிளாஸ்டிக் என்றால் அதன் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்துவிடும். ஆலன் சாவியின் குறுகிய காலைப் பிடித்து விரலால் இறுக்கும் அளவே போதும்.

தள்ளுவிசை யார் தலையில் விழுகிறது

இதைப் பலர் கவனிப்பதில்லை. படகு முன்னே போகும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை உள்ளே தள்ளுகிறது. பின்னே போகும்போது வெளியே இழுக்கிறது. அந்த விசையை ட்யூபின் புஷ்கள்தான் வாங்க வேண்டும், மோட்டார் அல்ல. வெளிமுனையில் ப்ரொப்பெல்லரின் பூட்டு நட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு வாஷர். உள்முனையில் ஒரு காலர் அல்லது நட்டு, அங்கும் ஒரு வாஷர். ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்தால் கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால், ஓடிச் சூடானதும் புஷ் பிடித்துக்கொள்ளும். அதிகம் விட்டால் தள்ளுவிசை கப்ளிங் வழியே மோட்டாருக்குப் போய், மோட்டார் ஷாஃப்டே உள்ளே நகர்ந்து பிரஷ்ஷைத் தேய்க்கும்.

தண்ணீரில்

உண்மையான கப்பல்களிலும் படகுகளிலும் எஞ்சினையும் ஷாஃப்டையும் கடைசியாகச் சரிபார்ப்பது கரையில் அல்ல, தண்ணீரில் மிதக்கும்போது. இரண்டையும் இணைக்கும் வட்டத் தகடுகளான ஃபிளாஞ்சுகளுக்கு இடையே மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகி அளப்பார்கள். நிலத்தில் கட்டைகளின் மேல் நிற்கும் உடல் ஒரு வடிவம், தண்ணீர் தாங்கும் உடல் வேறு வடிவம் என்பதே காரணம். நம் 80 செ.மீ. ஃபைபர் கிளாஸ் படகும் சற்று வளையத்தான் செய்யும். மூன்று கிலோ ஈயத்தையும் பேட்டரியையும் இட்ட பிறகு குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுழற்றி ஒரு முறை பாருங்கள். கனத்தால், மோட்டார் இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு ப்ளைவுட் விலா ஒட்டுவது வழி.

முதல் ஓட்டத்தை முழு வேகத்தில் வைக்காதீர்கள். பிரஷ் மோட்டாரை 2 அல்லது 3 வோல்ட்டில் அரை மணி நேரம் சுமையின்றி ஓடவிட்டால் பிரஷ், தான் உரசும் சுழல் பகுதியான கம்யூட்டேட்டரின் வடிவத்துக்குத் தேய்ந்து படியும். பிறகு தொட்டியில் பாதி வேகத்தில் ஐந்து நிமிடம். நிறுத்தி, மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: மோட்டாரின் பின்பக்கம், கப்ளிங், ட்யூபின் உள்முனை. மோட்டார் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கப்ளிங்கோ ட்யூப் முனையோ சுட்டால், உறையை எடுத்துக்கொண்டு திரும்பப் போக வேண்டியதுதான்.

சத்தத்தைக் கேட்க, கார் மெக்கானிக்குகளைப் போல நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, நுனியை ட்யூபின் மேலும் தாங்கியின் மேலும் மாறி மாறித் தொடுங்கள். கழுத்தில் துண்டு, தலைமயிர், தாலிக்கயிறு எதுவும் சுழலும் கப்ளிங் அருகே வரக் கூடாது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் சீரான ‘உம்ம்’ நல்லது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் மறையும் அதிர்வு, நான் மேலே சொன்ன ஷாஃப்டின் தொப்பை. கப்ளிங் நேராக இருந்தும் ப்ரொப்பெல்லரை மாட்டினால் மட்டும் வரும் நடுக்கம், ப்ரொப்பெல்லரின் எடைச் சமனின்மை. இதழ் ஒன்றின் பின்முகத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியது. இந்த இரண்டுக்காகவும் மோட்டாரை நகர்த்தாதீர்கள்.

இரண்டு ப்ரொப்பெல்லர் உள்ள படகில் இவை எல்லாமே இரண்டு முறை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. இரண்டு மோட்டாரையும் ஒரே ப்ளைவுட்டில் பூட்டி ஒரேயடியாக ஒட்ட ஆசைப்படாதீர்கள். ஒன்று சரியானால் மற்றது நகரும்.

நான்கைந்து ஓட்டங்களுக்குப் பிறகு படகைத் திறந்து, தாங்கியின் போல்ட்டுகளையும் க்ரப் ஸ்க்ரூக்களையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்து, ஆம்மீட்டரை இணைத்து முன்பு குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் அந்த எண்ணைப் பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: 6 வோல்ட், 1.0.